கோடு முதலில், சீட்டு பிறகு: சங்கத் தேர்தலுக்கு எந்த முறை?

சென்ற முறை எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத் தேர்தலில் பெட்டியைத் திறந்து எண்ணியபோது 617 சீட்டுகள் இருந்தன. உறுப்பினர் பட்டியலில், சீட்டு வாங்கியதாகக் கோடு விழுந்த பெயர்கள் 600. செயலாளர் பதவிக்கு வெற்றி வித்தியாசம் 9 ஓட்டு. கூடுதலாக வந்த 17 சீட்டுக்கு யாரிடமும் பதில் இல்லை. அன்றிலிருந்து எதிரெதிர் வீட்டுக்காரர்கள் இருவர் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

கள்ள ஓட்டு என்று தோற்ற தரப்பு சொன்னது. நான் அன்று வரிசையில் நின்றவன். ஒரு நீள மேசை, அதன் பின்னால் இரண்டு பேர். ஒருவர் பட்டியலில் பெயரைத் தேடினார், இன்னொருவர் சீட்டைக் கொடுத்தார். பதினொரு மணிக்குக் கூட்டம் நெருக்கியபோது, "நம்ம டாக்டர் சார்தானே, கொடுத்துடுங்க, பேரை அப்புறம் அடிச்சுக்கலாம்" என்று ஒரு குரல் கேட்டது. அந்த 'அப்புறம்' வரவே இல்லை. இப்படிப் பதினேழு முறை நடந்திருந்தால் கணக்கு சரியாகிவிடும். ஆனால் இப்படித்தான் நடந்தது என்று நிரூபிக்க முடியாது, இப்படி நடக்கவில்லை என்றும் நிரூபிக்க முடியாது. அதுதான் என்னை உறுத்துகிறது.

இந்த முறை தேர்தலை நடத்தித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். ஆசிரியர் வேலையில் இருந்த காலமெல்லாம் தேர்தல் பணிக்குப் போனவன் என்பதுதான் காரணம். 1996-இல் காகிதச் சீட்டு, 2001-இல் தமிழ்நாடு முழுக்க மின்னணு இயந்திரம், பிறகு ஊரக உள்ளாட்சித் தேர்தலில் மறுபடியும் காகிதச் சீட்டு என்று எல்லா மேசைகளிலும் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் சங்கத்தில் 1,140 உறுப்பினர்கள். எண்ணூறு பேராவது வருவார்கள். காலை 8 முதல் மாலை 3 வரை, ஒரு கல்யாண மண்டபத்தில். நிர்வாகிகளுக்கு ஒரு சீட்டு, செயற்குழுவுக்கு ஒரு சீட்டு. வந்தவரை அடையாளம் கண்டு, பெயரை அடித்து, சீட்டைக் கையில் கொடுப்பது வரைக்கும் எந்த முறையைப் பின்பற்றுவது என்பதுதான் கேள்வி. நான்கு வழிகள் பேச்சில் வந்தன. கூட்டுறவுச் சங்கம், தொழிற்சங்கம், கோயில் கமிட்டி என்று எங்கே தேர்தல் நடத்துபவருக்கும் இதே கேள்வி வரும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் வழி, நம் எல்லோருக்கும் பழக்கமான வாக்குச்சாவடியின் மூன்று மேசை முறை. முதல் அலுவலர் கையில் பட்டியல் இருக்கும். அவர் அடையாள அட்டையைப் பார்த்து, வரிசை எண்ணையும் பெயரையும் உரக்க வாசிப்பார். வேட்பாளர்களின் ஏஜென்டுகள் தங்கள் கையிலுள்ள பட்டியலில் பார்த்துக்கொள்வார்கள். ஆட்சேபணை இல்லையென்றால் பெயரின் மேல் குறுக்குக்கோடு விழும், பெண் வாக்காளர் என்றால் வரிசை எண்ணைச் சுற்றி ஒரு வட்டமும் சேரும். இரண்டாம் அலுவலர் 17ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பார். மூன்றாம் அலுவலர் அந்தத் துண்டை வாங்கி வைத்துக்கொண்டு, மையையும் பார்த்துவிட்டுத்தான் மின்னணு இயந்திரத்தை இயக்கும் கன்ட்ரோல் யூனிட்டில் பொத்தானை அழுத்துவார்.

தொழில் தெரியாதவர்களுக்கு இது வீண் சுற்றாகத் தோன்றும். எங்கள் கூட்டத்திலும் ஒருவர், "ஒரே ஆள் செய்யற வேலைக்கு மூணு ஆளா?" என்று கேட்டார். பெயரை அடிப்பவர் கையில் ஓட்டுச் சீட்டு இல்லை, ஓட்டுச் சீட்டு கொடுப்பவர் கையில் பட்டியல் இல்லை. இந்தப் பிரிவினைக்குத்தான் மூன்று ஆள். நடுவில் இருக்கும் துண்டுச் சீட்டுதான் இருவரையும் இணைக்கிறது. டாக்டர் சாராக இருந்தாலும் துண்டு இல்லாமல் மூன்றாம் மேசையில் வேலை நடக்காது. போன முறை எங்களிடம் இல்லாமல் போனது அந்த ஒரு துண்டுத்தாள்தான்.

இந்த முறையிலும் ஒரு பலவீனம் உண்டு, அது முதல் மேசையில் இருக்கிறது. 1996-இல் ஒரு கிராமத்துப் பள்ளியில் முதல் அலுவலராக இருந்தேன். நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் ஒன்றாகத் தேர்தல். காலையில் ஒரு முருகேசன் வந்தார். பட்டியலில் இரண்டு முருகேசன்கள் இருந்தார்கள், தகப்பனார் பெயர்தான் வேறு. நான் பெயரை வாசித்தேன், தகப்பனார் பெயரை வாசிக்கவில்லை. தவறான முருகேசனின் மேல் கோடு போட்டுவிட்டேன். மூன்று மணிக்கு மேல் அடுத்த முருகேசன் வயலிலிருந்து நேராக வந்து நின்றார். அவர் கணக்கில் ஓட்டு ஏற்கெனவே போடப்பட்டுவிட்டது. கடைசியில் அவருக்குக் கிடைத்தது டெண்டர் ஓட்டு. அந்தச் சீட்டு பெட்டிக்குள் விழாது, தனி உறைக்குள் போகும், வழக்கமான எண்ணிக்கையில் சேராது. "என் ஓட்டை எண்ணுவாங்களா சார்?" என்று அவர் கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பட்டியலில் அவர் பெயர் இருந்தது, அடையாளம் சரியாக இருந்தது, வரிசையில் முறையாக நின்றார். ஓட்டு போனது என் கவனக்குறைவால். அன்றிலிருந்து எந்தப் பட்டியலை வாசித்தாலும் எண், பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், கதவு எண் என்று நான்கையும் வாசித்துத்தான் பழக்கம்.

இரண்டாவது வழி அடிக்கட்டை முறை. செக் புத்தகம்போல் சீட்டும் அடிக்கட்டையும் ஒரே எண்ணோடு அச்சாகியிருக்கும். அடிக்கட்டையில் வாக்காளரின் பட்டியல் எண்ணை எழுதி, கையெழுத்து வாங்கி, சீட்டைக் கிழித்துக் கொடுப்பது. இயந்திரம் வருவதற்கு முன் நாடு முழுக்க இதுதான் நடந்தது. பட்டியலில் கோடு மட்டும் போட வேண்டும், சீட்டின் எண்ணை அங்கே குறிக்கக் கூடாது என்பது அப்போது கண்டிப்பான விதி. சீட்டின் பின்புறம் தனி முத்திரையும் தலைமை அலுவலரின் முழுக் கையெழுத்தும் இருக்க வேண்டும். அவை இல்லாத சீட்டு கள்ளச் சீட்டோ என்ற சந்தேகத்துக்கு உள்ளாகும். இலங்கையில் இன்றும் காகிதச் சீட்டுதான். அங்கும் பெயரையும் எண்ணையும் உரக்க வாசித்து, உத்தியோகபூர்வ அடையாளம் இட்டுத்தான் சீட்டைக் கொடுக்கிறார்கள். 2019 ஜனாதிபதித் தேர்தலில் 35 வேட்பாளர்கள் என்பதால் சீட்டு இரண்டு அடிக்கு மேல் நீண்டது.

சீட்டின் நீளம் என்றதும் மொடக்குறிச்சி நினைவுக்கு வராமல் போகாது. அதே 1996-இல் விவசாயிகள் எதிர்ப்பைக் காட்டுவதற்காகக் கூட்டமாக மனுத்தாக்கல் செய்ததில், அந்தச் சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் களத்தில் நின்றார்கள். சீட்டு புத்தகமாகவே அச்சாக வேண்டியிருந்தது, வாக்குப்பதிவும் தள்ளிப்போனது. எங்கள் சங்கத்துக்கு அந்தக் கவலை இல்லை, இரண்டு சீட்டும் அரைப் பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

அடிக்கட்டை முறையில் கணக்கு துல்லியமாக நிற்கும். எத்தனை சீட்டு போனது, யாருக்குப் போனது என்று கட்டையைப் புரட்டினாலே தெரியும். எங்கள் பொருளாளர் கணக்குப் பார்ப்பவர், அவருக்கு இதுதான் மிகவும் பிடித்திருந்தது. மூன்றாவதாகப் பேசப்பட்ட பிரிட்டன் முறையும் இதற்கு அண்ணன் தம்பி உறவுதான். அங்கே சீட்டின் எண்ணுக்கு எதிரே வாக்காளரின் எண்ணைத் தனித் தாளில் எழுதிவைக்கிறார்கள். விரலில் மை கிடையாது. புகைப்பட அடையாள அட்டையைக்கூட இங்கிலாந்தில் 2023 உள்ளாட்சித் தேர்தலிலிருந்துதான் கேட்கத் தொடங்கினார்கள். ஒருவர் பெயரில் இன்னொருவர் ஓட்டுப் போட்டது வழக்காகப் போனால், எந்தச் சீட்டு என்று தேடி எடுக்க அந்த எண் உதவும்.

நான் இரண்டையும் வேண்டாம் என்றேன். பொருளாளருக்கு வருத்தம்தான். சீட்டில் ஒரு எண், அதே எண் அடிக்கட்டையில், அதற்குப் பக்கத்தில் வாக்காளரின் எண். இவை மூன்றும் ஒருவர் கையில் சேர்ந்தால் யார் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது தெரிந்துவிடும். அரசுத் தேர்தலில் இந்தக் கட்டைகள் அரக்கு முத்திரையிட்ட பையில் காவலோடு போகின்றன. பிரிட்டனில் அந்தத் தாளை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் திறக்க முடியாது. எங்கள் சங்கத்தில் அந்தப் பை எங்கே போகும்? ஜெயித்த செயலாளர் வீட்டு பீரோவுக்குள்தான். அவர் நல்லவராகவே இருக்கட்டும். எதிர்வீட்டு அம்மாவுக்கு, "நான் யாருக்குப் போட்டேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடுமோ" என்ற எண்ணம் ஒருமுறை வந்துவிட்டால், அடுத்த முறை அவர் மனசுக்குப் பிடித்தவருக்குப் போட மாட்டார். தண்ணீர் லாரி யார் தெருவுக்கு முதலில் வர வேண்டும் என்று முடிவு செய்பவரைத் தேர்ந்தெடுக்கிறோம். இங்கே ரகசியம் சட்டமன்றத் தேர்தலில் வேண்டியதைவிட ஒருபடி அதிகமாகவே வேண்டும். காவல் இல்லாத இடத்தில் காவலை நம்பி உருவான முறையைக் கொண்டுவரக் கூடாது.

அதனால் சீட்டில் எண்ணே வேண்டாம் என்பது என் முடிவு. ஐம்பது ஐம்பதாகக் கட்டி, எண்ணி, கட்டின் மேலட்டையில் மட்டும் எண் போடலாம். சீட்டின் பின்புறம் என் கையெழுத்து இருக்கும். முன்கூட்டியே எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு வைத்தால் ஒரு கட்டு காணாமல் போனாலும் தெரியாது. ஒரு கட்டு தீர்ந்த பிறகே அடுத்த கட்டில் கையெழுத்து.

நான்காவது வழிதான் கூட்டத்தில் அதிக நேரத்தை எடுத்துக்கொண்டது. எங்கள் நான்காவது தெருவில் மென்பொருள் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், டேப்லெட்டில் உறுப்பினர் பட்டியலை ஏற்றிவிடலாம் என்றார். உறுப்பினர் எண்ணைத் தட்டினால் படத்தோடு பெயர் வரும், தொட்டால் 'வாக்களித்தார்' என்று மாறும், எந்த மேசைக்கு வந்தாலும் இரண்டாவது முறை சீட்டு வாங்க முடியாது. அவர் சொன்னதை யாரும் புறந்தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் பல மாவட்டங்களில் இப்படித்தான் நடக்கிறது. மாவட்டத்தின் எந்த மையத்துக்குப் போனாலும் ஓட்டுப் போடலாம் என்ற வசதியே இதனால்தான் முடிந்தது.

ஆனால் அது நின்றுபோன நாட்களையும் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸில் டேப்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒத்திசையாமல் போனதில் மக்கள் மணிக்கணக்கில் நின்றார்கள். வட கரோலினாவின் டர்ஹம் மாவட்டத்தில் 2016-இல், ஓட்டே போடாத சிலரை 'ஏற்கெனவே போட்டுவிட்டார்' என்று திரை காட்டியது. அன்றே காகிதப் பட்டியலுக்கு மாறினார்கள். கென்யாவில் 2013-இல் மின்சாரம் இல்லாத பள்ளி வகுப்பறைகளில் பேட்டரி தீர்ந்து கருவிகள் அணைந்தன, அங்கேயும் அச்சிட்ட பட்டியல்தான் கைகொடுத்தது. கானாவில் 2012-இல் விரல்ரேகைக் கருவி உறுதிசெய்யாமல் ஓட்டு இல்லை என்று விதி வைத்திருந்தார்கள். கருவி பழுதான இடங்களில் வாக்குப்பதிவு மறுநாளுக்குப் போனது. இதற்கு மாறாக, தெலங்கானாவில் 2020 நகராட்சித் தேர்தலின்போது கொம்பள்ளியில் பத்து வாக்குச்சாவடிகளில் முகம் அறியும் செயலியைச் சோதித்தபோது, செயலிக்கு அடையாளம் தெரியாவிட்டாலும் வழக்கமான முறையில் ஓட்டுப் போடலாம் என்று வைத்திருந்தார்கள். கருவி உதவிக்கு வரலாம், வாசலை மறித்து நிற்கக் கூடாது.

எனக்கு இன்னொரு ஆட்சேபணையும் இருந்தது, பழுதைவிட அது பெரியது. காகிதத்தில் கோடு விழுவதை எதிரில் உட்கார்ந்த இரண்டு தரப்பு ஏஜென்டுகளும் பார்க்கிறார்கள். தங்கள் பட்டியலிலும் அதே பெயரை அடிக்கிறார்கள். மாலையில் மூன்று பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றாக இருக்கும். திரையில் தொட்டதை யார் பார்த்தார்? போன முறை பதினேழு சீட்டுக்குச் சண்டை போட்டவர்களிடம், "கணினி சொல்கிறது" என்றால் நம்புவார்களா?

ஆனாலும் அந்தத் தம்பி சொன்னதில் ஒன்றை எடுத்துக்கொண்டோம். ஒத்திகை பார்த்தபோது, வரிசை எண்ணைச் சொல்லிக்கொண்டு வருபவரின் பெயரைப் பத்து வினாடியில் கண்டுபிடித்துவிட முடிந்தது. எண் தெரியாமல் வந்தவருக்கு முக்கால் நிமிடம் போனது. அரசுத் தேர்தலில் இந்த வேலையைப் பூத் சிலிப் செய்கிறது. வாக்குச்சாவடியிலிருந்து நூறு மீட்டருக்கு அப்பால் கட்சிக்காரர்கள் மேசை போட்டு எண்ணைத் தேடிக் கொடுப்பதும் இதற்குத்தான். எங்கள் மண்டப வாசலில் அந்தத் தம்பி டேப்லெட்டோடு உட்காருவார். எண்ணைத் தேடி ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார், அவ்வளவுதான். கருவி நின்றுபோனால் வரிசை கொஞ்சம் மெதுவாகும், தேர்தல் நிற்காது.

மற்றபடி மூன்று மேசை முறைதான் என்று முடிவானது. வரிசையைப் பற்றியும் கணக்குப் போட்டோம். ஏழு மணி நேரத்தில் எண்ணூறு பேர் என்றால் நிமிடத்துக்கு இரண்டு பேர், சுலபம்தான். ஆனால் ஆட்கள் அப்படிப் பிரிந்து வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை டிபன் முடித்துப் பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் பாதிப் பேர் வந்துவிடுவார்கள். அப்போது நிமிடத்துக்கு மூன்றுக்கு மேல். பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க ஒருவருக்கு இருபத்தைந்து வினாடி, வயதானவர்களுக்கு இன்னும் கொஞ்சம். மூன்று மேசையில் எது மெதுவாகப் போகிறதோ அதுதான் வரிசையின் வேகம், இங்கே அது இரண்டாம் மேசை. ஒரே வரிசை வைத்தால் பதினொரு மணிக்கு வெயிலில் நாற்பது, ஐம்பது பேர் நிற்பார்கள், மறுபடியும் "அப்புறம் அடிச்சுக்கலாம்" குரல் எழும். அதனால் ஒன்று முதல் ஆறு வரையிலான தெருக்களுக்கு ஒரு வரிசை, ஏழு முதல் பன்னிரண்டு வரை இன்னொரு வரிசை. பட்டியலையே இரண்டாகப் பிரித்து அச்சிடுகிறோம். ஒருவர் பெயர் ஒரு மேசையில்தான் இருக்கும் என்பதால் இரண்டு இடத்தில் வாங்கும் பேச்சே இல்லை, டேப்லெட்டின் முக்கியப் பயன் இதிலேயே கிடைத்துவிடுகிறது. துண்டுச் சீட்டு ஒரு வரிசைக்கு மஞ்சள், மற்றதற்கு நீலம். ஊரக உள்ளாட்சித் தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட உறுப்பினருக்கு மஞ்சள் என்று நான்கு நிறத்தில் கொடுத்துப் பழகிய கை எனக்கு. நிறம் இருந்தால் தவறு தூரத்திலிருந்தே தெரியும்.

மை வேண்டுமா என்று கேட்டார்கள். மைசூரிலிருந்து வரும் அந்தச் சில்வர் நைட்ரேட் மை கடையில் கிடைப்பதில்லை. மார்க்கர் பேனாவால் கோடு போடுவது கண்துடைப்பு, வீட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டால் போய்விடும். பட்டியல் பிரிந்திருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, துண்டுச் சீட்டு இருக்கிறது. மை இல்லாமலே நடத்தலாம்.

காகிதச் சீட்டில் ஒரு பழைய தந்திரம் உண்டு. முதலில் போகிறவர் வெற்றுச் சீட்டைப் பெட்டியில் போடாமல் மடித்துப் பையில் வைத்து வெளியே கொண்டுவருவார். வெளியே நிற்பவர் அதில் குறியிட்டு அடுத்தவரிடம் கொடுப்பார். அவர் குறியிட்ட சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுத் தன் வெற்றுச் சீட்டை வெளியே கொண்டுவருவார். சங்கிலி அப்படியே நீளும். இதற்குப் பெட்டியருகே ஓர் ஆள் வேண்டும். அமெரிக்காவின் சில இடங்களில் சீட்டின் ஓரத்தில் கிழிக்கக்கூடிய எண்துண்டு வைத்து, போடும் நேரத்தில் எண்ணைச் சரிபார்த்துக் கிழித்துவிடுகிறார்கள். எங்களுக்கு அது அளவுக்கு மீறியது. சீட்டு வாங்கியவர் மறைவுத் தட்டியிலிருந்து நேராகப் பெட்டிக்கு வந்து, பின்புறக் கையெழுத்து தெரியும்படி மடித்த இரண்டு சீட்டுகளையும் போட்ட பிறகே வெளியே போகலாம் என்று வைத்தோம். மடிப்பதும் முதலில் நெடுக்காக, பிறகு குறுக்காக. அப்போதுதான் ஓட்டுக் குத்தும் முத்திரையின் மை இன்னொரு பெயரில் ஒட்டாது.

சீட்டைக் கெடுத்துவிட்டேன் என்று வருபவருக்கு, கெட்டதை வாங்கி 'ரத்து' என்று எழுதி உறையில் போட்டுவிட்டு வேறு சீட்டு கொடுக்கலாம். கண் தெரியாதவர்கள் துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம், ஆனால் ஒருவர் ஒரே ஒருவருக்குத்தான் துணை. 'இவர் அவரில்லை' என்று ஏஜென்ட் ஆட்சேபித்தால், அரசு விதியில் இரண்டு ரூபாய் கட்டி விசாரணை கேட்கலாம். தொகை சிறியதுதான், ஆனால் அதைக் கட்டுகிறவர் பெயரோடு பொறுப்பேற்கிறார். அந்த இரண்டு ரூபாயை நாங்களும் வைத்துக்கொள்கிறோம். பெயர் ஏற்கெனவே அடிக்கப்பட்டிருந்தால் டெண்டர் ஓட்டு, தனி உறை. ஒரு மாற்றம் மட்டும் கேட்டு வாங்கினேன். வெற்றி வித்தியாசம் டெண்டர் ஓட்டுகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாகவோ சமமாகவோ இருந்தால், முடிவை அறிவிக்கும் முன் அந்த உறைகளை இரு தரப்பும் சேர்ந்து விசாரிக்க வேண்டும். அந்த முருகேசனுக்கு நான் சொல்ல முடியாத பதிலை இங்கேயாவது சொல்லலாம்.

மூன்று மணிக்கு வாசலை மூடியதும், பெட்டியைத் திறக்கும் முன்பே கணக்கு முடிய வேண்டும். இரண்டு பட்டியலிலும் விழுந்த கோடுகள், பதிவேடுகளின் கடைசி வரிசை எண்கள், கடையில் பில் குத்திவைக்கும் கம்பியில் குத்திய மஞ்சள், நீலத் துண்டுகள், கட்டிலிருந்து போன சீட்டுகளில் (இரண்டு வகையையும் தனித்தனியே எண்ணி) ரத்தானதும் டெண்டராகப் போனதும் கழித்த மிச்சம். நான்கும் ஒன்றாக வர வேண்டும். வரவில்லை என்றால் அப்போதே, எல்லோரும் இருக்கும்போதே தேட வேண்டும், பெட்டி திறந்த பிறகு தேடுவதற்கு வழியில்லை. பெட்டிக்குள் இதைவிட ஒன்றிரண்டு குறையலாம், யாராவது சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போயிருப்பார்கள். கூடக் கூடாது.

அச்சகத்தில் சொல்லிவிட்டோம். இரண்டாம், மூன்றாம் மேசைகளுக்கு ஆட்கள் கிடைத்தாகிவிட்டது. முதல் மேசைகள் இரண்டில் ஒன்றுக்கு, முப்பது வருடம் எங்கள் பகுதியில் தபால் கொடுத்து ஓய்வுபெற்றவரைக் கேட்டிருக்கிறோம். அவருக்குத் தெரியாத முகம் இல்லை, கணீரென்ற குரல். முகம் தெரிந்தவர்தான் வாசிக்காமல் கோடு போட்டுவிடுவார் என்பது என் பயம். போன சனிக்கிழமை ஒத்திகையில் அவர் மனைவியையே வரிசையில் அனுப்பினோம். அவர் நிமிர்ந்து பார்த்தார், பட்டியலைக் குனிந்து பார்த்தார், எண், பெயர், கணவர் பெயர் என்று தன் பெயரையே உரக்க வாசித்தார், கதவு எண்ணையும் சொன்னார், அப்புறம்தான் கோடு போட ஸ்கேலை வைத்தார். மறுநாளே அவர் பெயரை முதல் மேசைக்கு எழுதிவிட்டேன்.